லீவுக்கு மட்டும் சொந்தம்

அந்த மே மாதத்தில் எனக்கு இரண்டு வயதுகள் இருந்தன. அம்மாவின் கணக்குப்படி பதினான்கு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டின்படி பதின்மூன்றுதான் முடிந்திருந்தது.

அம்மாவின் கணக்குதான் சரி. தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஒரு ஐப்பசியில் நான் பிறந்தேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அம்மா அதைத்தான் சொன்னாள். வாத்தியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் கொறச்சுப் போட்டுக்கறேம்மா. நாளைக்கு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனா ஒரு வருஷம் கூட சம்பளம் வாங்குவா இல்ல?" என்றார். எங்கள் பக்கத்தில் அப்போது முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வயது போட்டார்கள். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை, உபகாரம் என்று நினைத்தார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவளின் மகளைப் பார்த்து ஒருவர் சர்க்கார் உத்தியோகம் என்று சொன்னதே அம்மாவுக்குப் போதும். மறுநாள் அவருக்கு ஒரு பரங்கிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எட்டாம் வகுப்பை முனிசிபல் பள்ளியில் முடித்தேன். அதற்கு மேல் படிக்க ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அங்கே நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. யூனிபாரமும் புத்தகமும் இல்லாமல் திறக்கிற நாளில் யாரும் வாசலுக்கு வர வேண்டாம் என்று தலைமையாசிரியை சேர்க்கையின்போதே சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

வெயில் காலத்தில் கட்டட வேலை நன்றாகக் கிடைக்கும். அந்த வருஷம் சித்திரையிலேயே சாரத்திலிருந்து விழுந்த ஒரு கல் அம்மாவின் பாதத்தில் இறங்கியது. பாதம் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி, வடியவே இல்லை. முசரவாக்கத்திலிருந்து டவுனுக்கு வந்த பிறகு எங்களுக்கு இருந்த ஒரே வருமானம் அந்தப் பாதம்தான். அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கேட்டுப் பார்க்கக்கூடிய வீடுகளில் எல்லாம் ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஆகவே நான் வேலைக்குப் போய்த்தான் பள்ளிக்குப் போக முடியும். லீவு முடிவதற்குள் சம்பாதித்தாக வேண்டும்.

கோவிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு தறிக்காரருக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ள வேண்டும். அதை ஒரே ஆள் செய்ய முடியாது. நெய்கிறவர் நடுவில் உட்காருவார். வலது கரைக்கான ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிய அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அதுவரை அங்கே உட்கார்ந்திருந்த அவருடைய மகன், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு ஒரு பட்டறை வேலைக்குப் போய்விட்டான். பாதியில் நின்ற புடவையோ முகூர்த்தப் புடவை.

"லீவுக்கு மட்டுந்தான்யா. ஸ்கூல் தொறந்தா வுட்டுடணும்" என்றாள் அம்மா.

"தொறக்கறதுக்குள்ள பொடவைய அறுத்துடுவோம்மா. அப்பறம் உம் பொண்ண நா இன்னா பண்ணப் போறேன்?" என்றார் அவர். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து எடுப்பதை அவர்கள் அறுப்பது என்பார்கள்.

தறி, வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. சந்து வழியாகவே போய் வந்தேன். வீட்டுக்குள் போகும் கதவு ஒன்று இருந்தது. அதன் வழியாகப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என்ன சாதி என்று கேட்காமலேயே, எந்தச் சேரியிலிருந்து வருகிறேன் என்பதை வைத்து எல்லாம் முடிவாகியிருந்தது. தாகம் எடுத்தால் கொட்டகைப் படியருகே போய் நிற்பேன். தறிக்காரரின் மனைவி சொம்போடு வந்து மேலிருந்து ஊற்றுவார். நான் குனிந்து, கைகளைக் குவித்து வாயோடு சேர்த்துக் குடிப்பேன். அவர் கெட்டவர் அல்ல. போதும் என்று நான் தலையாட்டும் வரை ஊற்றுவார், அதற்கு முன்னால் நிறுத்தியதே இல்லை.

தறிக்குழியில் என் கால் தரைக்கு எட்டாது. தொங்கிக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் மரத்துவிடும். நாடாவை வாங்கி எறிகிற கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் முதலில் சிவந்து, பிறகு கொப்பளித்து, பிறகு காய்த்துப் போயிற்று. "போடு" என்பார். போடுவேன். நாள் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரு நாள் அவர் நெசவாளர் சொசைட்டிக்குப் போய்விட்டு வியர்த்து வந்தார். தொழிலாளர் இன்ஸ்பெக்டர் தெருத்தெருவாக வருகிறார் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். பதினாலு வயது முடியாத பிள்ளையைத் தறியில் கூலிக்கு வைத்தால் கேஸ்.

"லீவுதானே? ஸ்கூலுக்குப் போற பொண்ணு தானே?" என்றார் அவர் மனைவி.

"லீவுன்னு சட்டத்துல தனியா ஒண்ணும் கெடயாதாம். ஆனா ஒண்ணு இருக்குது. வீட்டாளுங்க மட்டும் சேர்ந்து நெய்யற எடத்துக்கு அந்தச் சட்டம் வராதாம். நம்ம புள்ளய நாம ஒக்கார வெச்சா ஒருத்தரும் கேக்க முடியாது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பல வருஷம் கழித்து, வேலை நிமித்தமாக அந்தச் சட்டத்தைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். கூலி ஆள் வைக்காமல், தன் குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் ஒருவர் தொழில் நடத்தும் இடத்துக்கு அது பொருந்தாது. குடும்பம் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது என்று நான் படித்த பக்கத்தில் இல்லை.

அன்று மாலையே என்னைக் குடும்பமாக்கும் வேலை தொடங்கியது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் அவருடைய தங்கை மகள். திருத்தணியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறேன். அவர் எனக்கு மாமய்யா, அவர் மனைவி அத்தய்யா. படிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியும் இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டு பாடம் நடந்தது.

"நான் யாரு?"

"அத்தய்யா."

"அத்தையான்னு இழுக்காத. அத்தய்யா. சொல்லு."

"அத்தய்யா."

"நீள்ளு காவாலான்னா?"

"தண்ணி வேணுமான்னு அர்த்தம்."

"அர்த்தத்த யாரு கேட்டா? பதில் சொல்லு. காவாலி அத்தய்யான்னு சொல்லணும்."

அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். "இன்னாடி, பெரிய எடத்துல சம்பந்தம் வெச்சுக்கினு வந்துட்ட! உங்க மாமய்யாவ நம்ம வூட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்புடு" என்றாள். பிறகு, "தப்பு இல்லாம சொல்லிடுவியா?" என்று கேட்டாள். சொல்லிவிடுவேன் என்றேன். வழியில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். மாமய்யா, அத்தய்யா, திருத்தணி, காவாலி.

இன்ஸ்பெக்டர் வந்தது வெயில் உச்சியில் இருந்த நேரம். குடையும் தோல் பையுமாக, கூட ஒரு பியூனோடு, வீட்டு வாசல் வழியாக வராமல் நேராகச் சந்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நரைத்த மீசை. களைத்துப் போயிருந்தார். தறிக்காரரின் மனைவி ஓடிப் போய் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"யாரும்மா நீ?"

"இவங்க வீட்டுப் பொண்ணு, சார்."

"இவரு உனக்கு இன்னா வேணும்?"

"மாமய்யா."

"எங்க நாத்தனார் பொண்ணுங்க" என்றார் மனைவி. "திருத்தணி. லீவுக்கு வந்திருக்குது."

"லீவுக்கு வந்த பொண்ணக் குழியில எறக்கி வுட்டுட்டீங்களா?"

"அதுவா ஆசப்பட்டு ஒக்காந்துச்சு, சார்" என்றார் தறிக்காரர்.

"கையக் காட்டும்மா."

காட்டினேன். அவர் என் விரலைத் திருப்பிப் பார்த்தார். "ஆசை நல்லாவே காச்சிருக்குது" என்றார். பியூன் சிரித்தான். ஆனாலும் இன்ஸ்பெக்டர் பையைத் திறக்கவில்லை. காய்த்த கை குடும்பத்துப் பிள்ளைக்கும் இருக்கும். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்தது.

அவர் கிளம்பத் தயாராவது தெரிந்தது. தறிக்காரரின் மனைவிக்குத் தைரியம் வந்துவிட்டது. பாடத்தில் கடைசியாக மீதி இருந்ததையும் அரங்கேற்றிவிட நினைத்தார் போலும். என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நீள்ளு காவாலா?" என்றார்.

"காவாலி, அத்தய்யா."

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் முகம் இளகியது. மனைவி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குழியிலிருந்து ஏறி, படியருகே போய், குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்தேன். அவர் சொம்பை உயரத் தூக்கி ஊற்றினார். உண்மையிலேயே தாகமாக இருந்தது. நான் தலையாட்டும் வரை ஊற்றினார்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பியூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னல் விளிம்பில் இருந்த தம்ளரைப் பார்த்தார், பிறகு தறிக்காரரின் மனைவியைப் பார்த்தார்.

"நாத்தனார் பொண்ணுக்குத் தம்ளர் இல்லியாம்மா?"

மனைவி தன் கையிலிருந்த சொம்பைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கணவரிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். அது எனக்குச் சொல்லித்தராத தெலுங்கு.

மாமய்யா என்று சொல்லப் பழகினோம். தண்ணீர் கேட்கப் பழகினோம். குடிக்கப் பழக வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் செய்வது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மா சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயா, அவளுக்குப் பதினாலு முடிஞ்சு போச்சுங்க. நான்தாங்க பெத்தவ."

"ஸ்கூல்ல இன்னா போட்டிருக்குது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"அது வாத்தியாரு கொறச்சுப் போட்டதுங்க" என்றாள் அம்மா. "சர்க்கார் வேலைக்கு ஒதவும்னு."

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "எனக்கும் எங்க வாத்தியாரு ஒரு வருஷம் கொறச்சுத்தாம்மா போட்டாரு. அதனாலதான் இன்னும் இந்த வெயில்ல சுத்திக்கினு இருக்கேன். ஆனா எழுதினது எழுதினதுதான். அத வுட்டுட்டு நீ சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?"

"இவ படிக்கறதுக்குத்தாங்க வேலைக்கே வந்தா."

"சட்டமும் அதுக்குத்தாம்மா. புள்ளைங்க படிக்கணும்னுதான்."

"படிக்கறதுக்குத் துணி வேணுமே, ஐயா."

அவர் பையைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துத் தறிக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். குடையை எடுத்துக்கொண்டு போகும்போது அம்மாவின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குக் காட்டும்மா" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், "கழனி வேலைக்கு அனுப்பினா இந்தச் சட்டம் வராது. நானும் வரமாட்டேன்" என்றார். அவர் அதை உதவியாகத்தான் சொன்னார்.

தறிக்காரர் குழியில் கால்களை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். புடவையில் முந்தானை இன்னும் தொடங்கவில்லை. அவர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க வெச்சோம் பாரு ஓட்டைய" என்று மட்டும், யாரிடமும் இல்லாமல், சொன்னார். அவர் மனைவி அதுவரைக்குமான கூலியைக் கொண்டுவந்து படிமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். அம்மா குனிந்து எடுத்துக்கொண்டாள். புத்தகத்துக்கும் அது போதாது. நாங்கள் சந்தில் திரும்பும்போது உள்ளே மறுபடி தறிச் சத்தம் கேட்டது. நின்று நின்று கேட்டது. அந்த அம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு நான் உட்கார்ந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். உண்மையான குடும்பம்.

ஓரிக்கைப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போனேன். அங்கே எந்தச் சட்டமும் வரவில்லை. என்னைவிடச் சிறிய பிள்ளைகள் இருந்தார்கள். பாலாற்று மணலிலிருந்து எழும் அனல் முகத்தில் அடிக்கும். குனிந்தால் முதுகு எரியும், நிமிர்ந்தால் கண் இருளும். தறியில் நிழலாவது இருந்தது. கூலியைக் கடலையாகவே அளந்து கொடுத்தார்கள். அதை வேகவைத்துத் தின்னலாம், கொஞ்சம் விற்கலாம். அம்மாவின் பாதத்துக்கு ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். கட்டு மாற்றிக்கொண்டே இருந்தாள். பசி அடங்கியது. துணி எடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன்னால் அம்மா ஒரு முறை தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தாள். பழைய பாவாடையோடு கொஞ்ச நாள் வரட்டும், பிறகு வாங்கித் தருகிறேன் என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒரே விதிதான், ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார் அவர். அம்மா அங்கே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, "வெய்யிலு ஜாஸ்தி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

திறந்த நாளில் நான் கழனியில் இருந்தேன். செவிலிமேடு ரோட்டில் நீலமும் வெள்ளையுமாகப் பெண்கள் போனார்கள். கூட வேலை செய்த ஒரு பெண், "நீ எட்டாவது பாஸாமே? அந்தக் கடலைய எண்ணிச் சொல்லேன் பாப்போம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு நாள் தவறியதும் வருஷமே தவறிவிட்டது என்பது அன்றைக்குச் சாயங்காலம் வரை எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசி வந்தது. பதிவேட்டின்படியும் எனக்குப் பதினான்கு முடிந்தது.

தறிக்காரர் எங்கள் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டு ஒரு பிள்ளையை விட்டு அம்மாவைக் கூப்பிட்டார். கோர்ட்டில் அபராதம் கட்டியாயிற்றாம். முகூர்த்தப் புடவையை அவர் மனைவியே கரை எறிந்து முடித்தாராம், ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். மகன் வரவில்லையாம். "இப்போ கேஸ் ஒண்ணும் வராதும்மா. நல்லா வெசாரிச்சுட்டேன். பதினாலு முடிஞ்சா ஒக்காரலாம்" என்றார்.

போனேன். இது லீவு இல்லை. ஹைஸ்கூலில் காலை மணி அடிக்கும் சத்தம் கொட்டகை வரை கேட்கும். அந்த மணிக்குத்தான் நானும் குழியில் இறங்குவேன். லீவில் தறியில் உட்காரக் கூடாதவளாக இருந்த நான், பள்ளி நடக்கிற நாட்களில், நாள் முழுக்க, சட்டப்படி உட்கார்ந்திருந்தேன். அவரைக் கூப்பிட எனக்கு எந்த வார்த்தையும் தேவைப்படவில்லை. தண்ணீரை வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் கொண்டுபோனேன். ஒரு மத்தியானம் அவர் மனைவி படிக்கு வந்து, பழக்கத்தில், "நீள்ளு காவாலா?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

"வேணாம்மா, இருக்குது" என்றேன் தமிழில்.

தை மாதத்தில் அதே இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாம்மா, மாமய்யா சௌக்கியமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பள்ளியில் வாங்கி வைத்திருந்த வயதுச் சான்றைத் தறிக்காரர் நீட்டினார். இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார். இன்னொரு முறையும் எண்ணினார். அன்று செவ்வாய்க்கிழமை. ஹைஸ்கூலில் இடைவேளை மணி அடித்தது. அவருக்கும் அது கேட்டிருக்கும்.

"சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஜூனில் அம்மா என்னை ஒன்பதாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளுக்கு அதற்குள் மறுபடி சித்தாள் வேலை செய்யக் கால் தேறியிருந்தது, நொண்டல் மட்டும் போகவில்லை. தாவணி புதிது. கஞ்சி மொடமொடப்பு போகாமல் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. தலைமையாசிரியை பழைய சான்றைப் பார்த்துவிட்டு, "வயசு சரியாத்தான் இருக்கு" என்றார். மற்றப் பெண்களோடு நான் பொருந்தியிருந்தேன், காகிதத்தில்.

வெளியே வந்ததும் அம்மா என் தாவணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்த வாத்தியாரு குடுத்தாரே ஒரு வருசம், அது தீந்து போச்சு" என்றாள். "இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல. ஃபெயிலாவாதே."